ஈர்க்குச்சி நின்ற வரி

விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சிதான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நுனி தேய்ந்து மழுங்கியிருக்கிறது. பிடிக்கும் பக்கம் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது. அம்மாவின் வேதப்புத்தகத்துக்குள் அது எப்போதும் இருந்தது. பக்கத்துக்கு அடையாளம் வைப்பதற்காக அல்ல, வரிகளைத் தொட்டுக்கொண்டு போவதற்காக. வேதத்தின் எழுத்தின் மேல் விரல் படக்கூடாது என்று ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்தியவர்கள் சின்ன வயதில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். விரலில் எண்ணெய் இருக்கும், அழுக்கு இருக்கும். அதனால் ஆளுக்கொரு ஈர்க்குச்சி. பாடம் நடத்துகிறவர் முன்னால் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து குச்சியை வரியின் மேல் ஓட்டிக்கொண்டே கூடச் சொல்வார்கள். அம்மா படித்தது அப்படித்தான். எனக்கும் தம்பிக்கும் அவள் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்.

தாராவியில் எங்கள் வீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அந்த மாதிரி அறையை அங்கே எல்லாரும் கோலி என்பார்கள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை அவரைவிட்டுப் போகாது. அம்மா கைமுறுக்கு சுற்றி ஒரு கடைக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஆறு வயது, தம்பிக்கு நாலு. அந்த வருஷ மழையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இரண்டு கால்களிலும் இருந்த வலுவும் இறங்கிவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அப்பாவுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சல் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முனிசிபாலிட்டிப் பள்ளி ஒன்று இருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கிப் போக வேண்டும். வகுப்பு மாடியில். தம்பிக்குப் பள்ளி வயது வந்ததும் அம்மா அவனை இடுப்பில் சுமந்துகொண்டு போய்க் கேட்டாள். தினமும் தூக்கிவந்து விட்டு, திரும்பத் தூக்கிப்போக ஆள் இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி ஓர் ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா குழாயடிக்கும் கடைக்கும் போகிற நேரத்தில் தம்பிக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் நானும் போகவில்லை. என்னைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததாக நினைவில்லை. அப்படியே நின்றுபோனது.

வீட்டுப் பாடம் காலையில், அப்பா வேலைக்குப் போன பிறகு தொடங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் பழைய துணியை விரித்து, அதன் மேல் மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றிக்கொண்டிருப்பாள் அம்மா. இரண்டு கையிலும் எண்ணெயும் மாவும். அதனால் புத்தகத்தை அவள் தொடமாட்டாள். சுவரில் சாய்த்து உட்காரவைத்த தம்பியின் மடியில் புத்தகம் விரிந்திருக்கும். முறுக்கைவிட்டுக் கண்ணை எடுக்காமலே அம்மா வசனத்தைச் சொல்வாள். தம்பி குச்சியை ஓட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வான். பிறகு நான். மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம், மலைமேல் நடந்த பிரசங்கம், சிலுவைப் பாடு, அன்பைப் பற்றிய அதிகாரம் என்று அவளுக்குத் தெரிந்த இடங்கள் எல்லாம் எங்களுக்கும் வந்தன. அந்தந்த இடம் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்பதை, மாவில் கை வைப்பதற்கு முன்பே, அவள் தாளின் பழுப்பையும் ஓரத்துக் கறையையும் வைத்துக் கண்டுபிடிப்பாள்.

தம்பி என்னைவிடக் கெட்டிக்காரன். வசனத்தின் தொடக்கத்தில் உள்ள சின்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு குச்சியை நகர்த்தத் தொடங்கினால், அவன் வாயில் வசனம் முடிகிற நேரத்தில் குச்சி அடுத்த எண்ணுக்கு முன்னால் போய் நிற்கும். முந்தாது, பிந்தாது. ஒரு பக்கத்தின் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே இடது கை தாளின் மூலையைத் தூக்கிவிடும். வாசிப்பு என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு வரிசையில் எல்லாருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பைபிளம்மா வருவார். மாட்டுங்காவில் இருந்த சபை அவரை நியமித்திருந்தது. வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வதும், தாய்மாரைத் திடப்படுத்துவதும் அவர் வேலை. பாளையங்கோட்டைக்காரர், இள வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. செம்பூரில் ஓர் அறையில் தனியாக இருந்தார். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. வாசலில் நின்று தன் கைக்குட்டையாலேயே காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். எங்கள் அறையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். தாய்மார் கூட்டம் என்று அதற்குப் பெயர். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உட்காரக் கிடைக்கிற நேரம். பாதிப் பேர் பாட்டு முடிவதற்குள் தூங்கி விழுவார்கள்.

அவர் தம்பியைக் கண்டுகொண்டது அப்படி ஒரு கூட்டத்தில்தான். அன்று அம்மா சொன்ன சங்கீதத்தை அவன் வாசித்து முடித்ததும் தூங்கியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மனைவி, “கால் நடக்கலன்னா என்னட்டி, நாக்கு குதிரை மாதிரில்லா ஓடுது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். பைபிளம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

“பாருங்க மக்களே” என்றார். “இவளுக்குப் பெஞ்சு இருக்கா, போர்டு இருக்கா? முறுக்கு மாவும் வேதமுந்தான் இருக்கு. வேதத்துல பெரிய ஆளா வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் முதல் வாத்தியார் அவங்கவங்க அம்மாதான். பெத்தவ மனசு வச்சா போதும். உங்க பிள்ளைகளை யாரும் சேக்கலன்னு அழாதீங்க. உங்க கையில ஆண்டவர் குடுத்திருக்காரு, நீங்க சொல்லிக் குடுங்க.”

அதற்குப் பிறகு வாராவாரம் இது நடந்தது. வந்து உட்கார்ந்ததும், “இன்னைக்கு என்ன வாசிப்பு மகளே?” என்று அம்மாவைக் கேட்பார். அம்மா ஒரு இடத்தைச் சொல்வாள். தம்பி வாசிப்பான். எந்தப் பகுதி என்று சொல்வது அந்த வீட்டுத் தாயின் உரிமை என்று பைபிளம்மா நினைத்தார். அது அவருடைய மரியாதை. அந்த மரியாதையால் அவர் ஒருநாளும் தன் கையால் ஒரு பக்கத்தைத் திறந்து அவன் மடியில் வைக்கவில்லை. வேறு யாரும் அம்மாவைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அம்மா முறுக்கு சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே அந்தப் புகழ்ச்சி அவளுக்கு என்ன செய்தது என்று தெரியும். அவள் பாடத்தைக் கூட்டினாள். தம்பி இன்னும் இரண்டு அதிகாரங்கள் படித்தான்.

அம்மா பொய் சொன்னாள் என்று நான் ஒருபோதும் எழுதமாட்டேன். ஒருமுறை அவளோடு கடைக்குப் போனபோது, கதவில் தொங்கிய பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “அது கடை எழுத்துட்டி. ஆம்பளைய வேலைக்குப் போற எடத்துல படிக்கது. நம்மது வேத எழுத்து” என்றாள். தயக்கமே இல்லாமல் சொன்னாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் தையல்காரரிடம் கொண்டுபோவோம். அது கடுதாசி எழுத்து, மூன்றாவது வகை. அவள் புத்தகத்தைத் திறந்தால் கண் வரியின் மேல் இருந்தது, வார்த்தை வாய்க்கு வந்தது. சின்ன வயதிலிருந்து அப்படியே வந்துகொண்டிருந்தது. சந்தேகப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

தம்பிக்குப் பத்து வயது நெருங்கிய வருஷம் பைபிளம்மா ஒரு செய்தியோடு வந்தார். செம்பூரில், அவர் அறைக்குக் கொஞ்ச தூரத்தில், கால் விளங்காத பிள்ளைகளுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. கிறிஸ்தவர்கள் நடத்தியது. தங்கவைத்து, காலுக்கு இரும்புச் சட்டம் செய்து பூட்டி, ஊன்றுகோல் பிடித்து நடக்கப் பழக்கி, படிக்கவும் வைப்பார்கள். பெரியவனானதும் கடிகாரம் பழுதுபார்க்கும் வேலையும் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு நிபந்தனைகள். பத்து வயது முடிவதற்குள் சேர வேண்டும். அங்கே தமிழுக்கு ஒரே ஓர் ஆசிரியை என்பதால், ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். “நானே காதால கேட்டிருக்கேன், இவன் வயசுல இப்படி வாசிக்கிற பிள்ளை இல்லைன்னு சொல்லிட்டேன்” என்றார் பைபிளம்மா. கிறிஸ்துமஸ் கழிந்து தம்பிக்குப் பத்து முடிகிறது. இப்போது ஆடி மாதம்.

வீட்டில் பேச்சு மாறிவிட்டது. தம்பி ஊன்றுகோலைப் பற்றித்தான் பேசினான். எங்கெங்கே நடந்து போவான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். குழாயடி, டேனரி வாசல், கோயில், ஸ்டேஷன். “முதல்ல எங்கல போவ?” என்று அப்பா ஒருநாள் கேட்டார். “சண்டாசுக்கு” என்றான் தம்பி. பொதுக் கழிப்பிடத்துக்கு அவனைத் தினமும் அப்பாவோ அம்மாவோதான் தூக்கிப் போக வேண்டும். வரிசையில் நிற்கிற ஆட்கள் பார்ப்பார்கள், வழி விடுவார்கள், சிலர் பரிதாபமாக ஏதாவது சொல்வார்கள். “நானே போயி, நானே வரிசைல நிப்பேன்” என்றான். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகிற நாளில் அப்பா லீவு போட்டார். தையல்காரர் தைத்துக்கொடுத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டு, அவனை முதுகில் தூக்கிக்கொண்டார். அம்மா கல்யாணச் சேலை உடுத்தியிருந்தாள். புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள், குச்சி உள்ளே இருந்தது. செம்பூர் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நாலு பேரும் இறங்கியபோது பைபிளம்மா குடையோடு காத்திருந்தார்.

இல்லத்தின் தலைமையாசிரியை மெலிந்த, மெதுவாகப் பேசுகிற பெண். மேசையைவிட்டு எழுந்து வந்து, தம்பிக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அறைக்கு வெளியே பிள்ளைகள் இரும்புச் சட்டம் போட்ட கால்களோடு போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வாசிக்கிறாய் என்று அவர் கேட்டதும் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தான். அம்மா மேய்ப்பன் சங்கீதத்தைச் சொன்னாள். அவன் குச்சியை வைத்து வாசித்தான். எங்கள் அறையில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தான். தலைமையாசிரியைக்கு உண்மையிலேயே சந்தோஷம். பைபிளம்மா, “நான் சொல்லல?” என்றார்.

தலைமையாசிரியை அடுத்துச் செய்ததில் சந்தேகம் எதுவும் கலந்திருக்கவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் மகிழ்ந்துபோய்தான் மேசையிலிருந்து ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து, நடுவில் திறந்து, தம்பியின் மடியில் வைத்தார். “இது மூணாங் கிளாஸ் புத்தகம், உனக்கு இது விளையாட்டுதான். வாசி, கேட்போம்.” ஒரு கிணறும் பக்கத்தில் ஒரு வாளியும் வரைந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தம்பி முதல் வரியின் தொடக்கத்தில் குச்சியை வைத்தான். வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

“ஆரம்பிம்மா” என்றான்.

அம்மாவும் குனிந்தாள். அவனுக்கு எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் குனிந்தாள். உதடு பிரிந்தது. ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து, “இது கடை எழுத்துங்க. இவன் வேத எழுத்துதான் படிச்சிருக்கான்” என்றாள். தலைமையாசிரியை பாடப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எங்கள் வேதப்புத்தகத்தை எடுத்து, பின்பக்கமாக எங்கோ திறந்து, அம்மாவிடமே நீட்டினார். “நீங்க வாசிங்கம்மா. எந்த வரியானாலும் சரி.” அவர் குரலில் கடுமை இல்லை.

அம்மா வாங்கிக்கொண்டாள். குச்சியைத் தம்பியிடமிருந்து வாங்கி ஒரு வரியின் மேல் வைத்தாள். அவளுடைய புத்தகம், அவளுடைய எழுத்து. அந்தப் பக்கத்தை அவள் முன்பு பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. எத்தனையோ முறை புரட்டிக் கடந்திருப்பாள். குச்சி நகரவில்லை. அறையில் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் தாள்களை முன்னால் புரட்டி, பழுப்பேறிய அந்தச் சங்கீதத்தின் பக்கத்தைத் தேடி எடுத்து, குச்சியை வைத்து, தாழ்ந்த குரலில் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். வாசித்துக் காட்டுவதற்காக அல்ல. அது இன்னும் இருக்கிறதா என்று சரிபார்ப்பதைப்போல. எல்லாம் சரியாக வந்தது. புத்தகத்தை மூடித் துணியில் சுற்றினாள். முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அந்த முக்காலிக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டாள்.

விதி தன் கையில் இல்லை, கிறிஸ்துமஸுக்குள் எழுத்துக் கூட்டி வாசித்தால்கூடப் போதும், கூட்டி வாருங்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றோம். அப்பாதான் முதலில் கேட்டார். “அப்போ இத்தன நாளா என்னத்தைட்டி வாசிச்சீங்க?” கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பைபிளம்மா அம்மாவின் தோளைத் தொட்டார். “ஆண்டவர் வேற வாசல் தெறப்பாரு மகளே.”

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “இத்தன வருசமா வந்தியளே. ஒரு நாளாவது நீங்க வேற பக்கத்தைத் தெறந்திருக்கலாம்லா.”

பைபிளம்மா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பஸ் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் சிலேட்டோடு தினமும் வந்தார். மற்ற வீடுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. தம்பிக்கு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். “இது சின்னப் பிள்ளைய படிக்கது” என்றான். குதிரை நாக்கு என்று பெயர் வாங்கியவனுக்கு, ஒற்றை எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அவமானமாக இருந்தது. கெஞ்சி உட்காரவைத்தாலும் வேறொரு தொல்லை. இரண்டு எழுத்தைப் பார்த்ததுமே அவன் வாய் தனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வசனத்துக்குத் தாவிவிடும். கண்ணை நம்ப அவனுக்குப் பழக்கமில்லை. அதிகாரம் அதிகாரமாகக் காது சேர்த்துவைத்தது குறுக்கே வந்து நின்றது. இந்த நேரமெல்லாம் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு முறுக்கு சுற்றினாள். மாலைக் குடும்ப ஜெபமும் நின்றுபோயிருந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது தம்பிக்கு எழுத்துகள் தெரிந்திருந்தன, சேர்க்க வரவில்லை. புது வருஷம் பிறந்து அவனுக்குப் பத்து முடிந்தது. அன்று அவனே சிலேட்டை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டான். அதற்கு மேல் யாரும் ஊன்றுகோலைப் பற்றிப் பேசவில்லை.

பைபிளம்மா செய்த அடுத்த காரியத்தை, இத்தனை காலம் கழித்து, நேர்மை என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. அதனால் நன்மை விளையவில்லை. அவர் மற்ற வீடுகளுக்கும் போய்ப் புத்தகத்தை வாங்கி, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த வரியை வாசி மகளே” என்று கேட்க ஆரம்பித்தார். சிலர் வாசித்தார்கள். பலர் அம்மாவைப்போலத்தான். பிள்ளைகள் முன்னால், மாமியார் முன்னால், சில வீடுகளில் புருஷன் முன்னால் அது வெளிப்பட்டது. குடை தெருமுனையில் தெரிந்ததும் வரிசை முழுக்கக் குரல் கேட்கும்.

“ஏளா, பரீட்சைக்காரி வாரா. புஸ்தகத்தைப் பரண்ல போடு.”

“நான் மாவு பெசையுதேன்னு சொல்லிரு.”

“நேத்தும் நீ மாவுதான் பெசஞ்ச. காய்ச்சல்னு சொல்லு, அப்பந்தான் ஜெபம் பண்ணிட்டுப் போயிருவா.”

தாய்மாருக்கே எழுத்துப் பாடம் நடத்தலாம் என்று அவர் சபையில் கேட்டு அனுமதி வாங்கினார். செவ்வாய்க்கிழமை பாய் விரித்து, சிலேட்டுகளை அடுக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் யாரும் வரவில்லை. வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அதையும் விட்டுவிட்டார்கள். எது வாசிப்பு, எது வாசிப்பில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருந்ததும் போயிற்று, வர வேண்டியதும் வரவில்லை.

ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முன் பைபிளம்மா கடைசியாக ஒருமுறை வந்தார். வழக்கம்போலக் கைக்குட்டையால் காலைத் துடைத்தார். உட்காரவில்லை. “உன்னைத் திடப்படுத்தணும்னுதான் மகளே நான் வந்தேன்” என்றார்.

“திடமாத்தானே இருந்தேன்” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அவர் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். போவதற்கு முன் அவர் அந்த முனிசிபாலிட்டிப் பள்ளியில் பேசி என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்; தம்பி அதற்குள் தனியாக இருக்கப் பழகியிருந்தான். பன்னிரண்டு வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்புத் தரையில் உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே எழுத்துதான் என்று தெரிந்த பிறகு எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. முதன்முதலில் நானாக வாசித்தது அந்தக் கடைப் பலகையை. மண்ணெண்ணெய் இல்லை என்று எழுதியிருந்தது.

அடுத்த வருஷம், தலைமையாசிரியை திறந்துகாட்டிய அந்தப் பின்பகுதியிலிருந்து ஒரு பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக்காட்டலாம் என்று பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். அம்மா தலை நிமிராமல், “வேண்டாம்ட்டி” என்றாள். “நீ வாசிக்கது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?” நான் புத்தகத்தைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன். அவள் வாயிலிருந்து பிறகு ஒரு வசனத்தையும் நான் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவாள், எல்லாரும் எழும்போது எழுவாள், உட்காரும்போது உட்காருவாள்.

நான் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் அச்சுப்பிழை பார்க்கும் வேலையில் சேர்ந்து, அதிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். தம்பி அந்த அறையைவிட்டு எங்கும் போகவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு சுற்றினான். அவன் முறுக்கு அவளுடையதைவிட ஒழுங்காக இருக்கும். வரிசையில் சாவு விழுந்தால் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் உடலுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். சங்கீதம் சொல்ல அவனைவிட நல்ல குரல் கிடையாது. மடியில் புத்தகத்தையும் கையில் குச்சியையும் அவனே கேட்டு வாங்கிக்கொள்வான். அவனுக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும்.

அம்மா இறந்தபோதும் அவன்தான் வாசித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண் தொழில் பழக்கத்தில் பக்கத்துக்குப் போனது. புத்தகம் வம்சப் பட்டியல் ஒன்றில் திறந்திருந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வரிசையாகப் பெயர்கள். குச்சி அந்தப் பெயர்களின் மேல் போய்க்கொண்டிருந்தது, வாய் மேய்ப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. வசனம் முடிந்த இடத்தில், பழையபடியே, குச்சி அடுத்த எண்ணுக்கு முன்னால் போய் நின்றது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. சில வருஷங்கள் கழித்து அவனும் போனான். அவனுக்கு வாசிக்க ஆள் இருக்கவில்லை. நான் இருந்தேன், எனக்குக் குரல் வரவில்லை.

இப்போது புத்தகமும் குச்சியும் என்னோடு டோம்பிவிலியில் இருக்கின்றன. கீழே லோக்கல் ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிர்கிற வீடு. அலுவலகத்தில் எத்தனையோ ஆயிரம் பக்கங்களை வரிவரியாகப் படித்தேன். பிழை கண்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன், கையில் எதையும் பிடித்துக்கொண்டு படித்ததே இல்லை. காரணம் இன்று காலையில் விளங்கியது. புத்தகத்தைத் திறந்து, வந்த பக்கத்தில், முதல் வரியின் தொடக்கத்தில் ஈர்க்குச்சியை வைத்தேன். எண்ணெயேறிய முனை விரலுக்கு வழுவழுவென்றிருந்தது. அது கைக்கு வந்ததும் கண் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. எழுத்துகள் அங்கேதான் இருந்தன. அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும் என்று வாய் காத்திருந்தது. ஒரு ரயில் போனது, இன்னொன்று போனது. குச்சி முதல் வரியிலேயே நின்றது.